சிறு ஆக்: கோடிகளில் வாழும் ஒரு வடதுருவப் பறவை

வடதுருவத்தைச் சூழ்ந்துள்ள கடல்களில் வாழும் பறவை இனங்களுள் எண்ணிக்கையால் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கது, பிரிட்டிஷார் லிட்டில் ஆக் என்றும் வட அமெரிக்கர் டவ்கி என்றும் அழைக்கும் ஒரு சின்னஞ்சிறு கடற்பறவை. 1758-ஆம் ஆண்டில் லின்னேயஸ் விஞ்ஞானப் பெயரிட்டு வகைப்படுத்திய இப்பறவையை இக்கட்டுரையில் சிறு ஆக் என்றே குறிப்பிடுவோம். கிரீன்லாந்தின் வடமேற்குக் கரையில் மட்டும் மூன்று கோடிக்கும் மேற்பட்ட ஜோடிகள் கூடு வைப்பதாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. ஸ்வால்பார்டு, பிரான்ஸ் ஜோசப் லாந்து, நோவாயா செம்லியா, செவெர்னயா செம்லியா, யான் மாயென் ஆகிய தீவுகளிலும், கிரீன்லாந்தின் கிழக்குக் கரையில் ஸ்கோர்ஸ்பி சவுண்டை ஒட்டிய பிரதேசத்திலும் உள்ள கூட்டங்களைச் சேர்த்தால் தொகை இன்னும் பெருகும். இவ்வளவு பெருந்திரளாக வாழும் ஓர் இனத்தைக் குறித்து, அதன் வாழ்வு நிலையானதுதானா என்று வினவுவது முதற்பார்வைக்கு அநாவசியமாகத் தோன்றக்கூடும். எனினும் அதன் உடலமைப்பையும் ஆகாரத்தையும் சந்ததியை வளர்க்கும் முறையையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும்போது, அந்தக் கோடிகள் யாவும் குளிர்ந்த நீரில் மட்டுமே தழைக்கும் ஒரு நுண்ணிய ஜீவனின் கொழுப்பை நம்பி நிற்பவை என்பது தெளிவாகிறது. ஆகவே அந்த வினா அவசியமானது மாத்திரமன்று, அவசரமானதும் ஆகும் என்பது என் எண்ணம்.

முதலில் அதன் ரூபத்தைக் காண்போம். அலகின் நுனியிலிருந்து வாலின் நுனி வரை 19 முதல் 21 சென்டிமீட்டர் நீளமே கொண்ட இப்பறவை, நம் வீட்டுக் கூரையில் வந்தமரும் மைனாவைக் காட்டிலும் சற்றுக் குட்டையானது; எனினும் சராசரியாக 160 கிராம் அளவுக்கு எடையுள்ளதாதலால் மைனாவினும் கனத்தது. கழுத்து என்று தனியே சொல்லத்தக்க உறுப்பு இல்லாதது போலத் தலை உடலோடு ஒட்டியிருக்கும், அலகு கறுத்து, தடித்து, வியக்கத்தக்க அளவு குறுகியிருக்கும், வால் குட்டை. கோடைகாலத்தில் தலை, தொண்டை, மேல்மார்பு, முதுகு ஆகியவை பளபளக்கும் கருநிறமாகவும், மார்பின் கீழ்ப்பாகமும் வயிறும் தூய வெண்ணிறமாகவும் இருக்க, இவ்விரு நிறங்களும் மார்பின் குறுக்கே ஒரே கோட்டில் திட்டமாகப் பிரிகின்றன. கண்ணுக்கு மேலே ஒரு சிறிய வெண்புள்ளியும், தோளின்மேல் சில வெண்கீற்றுகளும், இறகின் பின்விளிம்பில் ஒரு வெண்கோடும் உண்டு. குளிர்காலம் வந்ததும் தொண்டையும் மார்பும் வெளுத்து, அவ்வெண்மை கண்ணுக்குப் பின்புறமாகவும் வளைந்து ஏறிவிடும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தோற்றத்தில் வேறுபாடு காண்பது அரிது. ஆண் சற்றே பெரியது என்பதை அளவுகோல் கொண்டுதான் அறிய முடியும். பிரான்ஸ் ஜோசப் லாந்தில் வாழும் பறவைகள் ஏனையவற்றைவிடப் பருத்திருப்பதால் அவற்றை ஒரு தனி உபஜாதியாக விஞ்ஞானிகள் பிரித்திருக்கின்றனர்.

இறகுகளின் அமைப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில் இப்பறவையின் பலமும் பலவீனமும் அங்கேதான் அடங்கியிருக்கின்றன. ஆக் குடும்பத்துப் பறவைகள் காலால் உதைத்து நீந்துவதோடு நில்லாமல், நீருக்கடியில் இறகுகளையே வீசி வீசி முன்னேறுகின்றன. நீர் காற்றைவிடப் பன்மடங்கு அடர்த்தியுள்ளதாகையால், அதில் வீசுதற்கு ஏற்ற இறகு குறுகியதாகவும் விறைத்ததாகவும் இருக்கவேண்டும். அத்தகைய இறகைக் கொண்டு ஆகாயத்தில் பறப்பதோ மிகுந்த சிரமத்தை வேண்டுவது. விரித்த இறகுகளின் அகலம் 34 முதல் 38 சென்டிமீட்டர் வரையே உள்ள சிறு ஆக், காற்றில் மிதந்து செல்லும் சுகத்தை அறியாது, இடைவிடாமல் இறகடித்தே பறக்கிறது. அதற்குச் செலவாகும் சக்தியை ஈடுகட்ட ஓயாமல் உண்ணவேண்டியிருக்கிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த பேராக், நீந்தும் தொழிலுக்காகப் பறக்கும் தொழிலையே கைவிட்டு உடலைப் பெருக்கிக்கொண்டது. அட்லாண்டிக்கின் வடபகுதித் தீவுகளில் திரள்திரளாக வாழ்ந்த அவ்வினத்தை மனிதர் இறைச்சிக்காகவும் தூவிக்காகவும் கொன்று தீர்த்தனர். 1844-இல் ஐஸ்லாந்தை அடுத்த எல்டே தீவில் கடைசி ஜோடி கொல்லப்பட்டது. பறத்தல், நீந்துதல் ஆகிய இரண்டையும் ஒருங்கே வைத்துக்கொண்ட சிறு ஆக்கோ இன்றுவரை கோடிகளில் நிலைத்திருக்கிறது.

இனி ஆகாரம். வடகடலின் நீரில் கலானஸ் என்னும் இனத்தைச் சேர்ந்த துடுப்புக்காலி உயிரிகள் கணக்கின்றி மிதக்கின்றன. வசந்தத்தில் பனி விலகிச் சூரிய ஒளி நீரில் பாயும்போது நுண்பாசிகள் பல்கிப் பெருகும். அவற்றை மேய்ந்து இவ்வுயிரிகள் தம் உடலுக்குள் கொழுப்பைச் சேமித்துக்கொண்டு, குளிர்காலம் முழுவதும் ஆழ்நீரில் அசைவற்றுக் கிடந்து அச்சேமிப்பைக் கொண்டே உயிர் வாழும். இவற்றுள் துருவநீருக்கே உரிய கலானஸ் கிளேசியாலிஸ், கலானஸ் ஹைப்பர்போரியஸ் ஆகிய இரண்டும் உடலாற் பெரியவை, கொழுப்பு மிகுந்தவை. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோடு வரும் கலானஸ் ஃபின்மார்க்கிகஸ் சிறியது, கொழுப்பிலும் மிகக் குறைந்தது. சிறு ஆக் விரும்பித் தேடுவது முந்திய இரண்டையே. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள இவ்வுயிரிகளை அது வாயைத் திறந்துகொண்டு நீரோடு வாரி வடிகட்டுகிறது என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. ஆனால் கிழக்குக் கிரீன்லாந்தில் பறவைகளை நீர்த்தொட்டியில் விட்டுப் படம்பிடித்து நிகழ்த்திய ஆராய்ச்சி, அது ஒவ்வோர் உயிரியையும் கண்ணால் கண்டு, குறிபார்த்து, தனித்தனியே உறிஞ்சி எடுக்கிறது என்று காட்டியது. குஞ்சு வளர்க்கும் காலத்தில் ஒரு பறவைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 60,000 உயிரிகள் தேவைப்படுகின்றன என்று கணக்கிட்டுள்ளனர். நீருக்கடியில் கழியும் ஒவ்வொரு விநாடிக்கும் ஆறு உயிரிகள் என்பது இதன் பொருள். பகலிரவு பாராமல் இருநூறுக்கு மேற்பட்ட முறை மூழ்கி எழுந்தாலன்றி இத்தேவை நிறைவேறாது. இக்கணக்கைப் படிக்கும்போது உண்டாகும் வியப்போடு ஓர் அச்சமும் கலந்தே எழுகிறது: பெரிய உயிரிக்குப் பதிலாகச் சிறிய உயிரியே கிடைக்குமாயின், இந்த எண் எங்கே போய் நிற்கும்?

தான் உண்பதன்றிக் குஞ்சுக்குக் கொண்டுபோக வேண்டியதைச் சுமப்பதற்கென்று, நாவுக்கு அடியில் விரிந்துகொடுக்கும் ஒரு தொண்டைப் பை இப்பறவைக்கு வாய்த்திருக்கிறது. கடலிலிருந்து திரும்பும் தாய் தந்தையரின் தொண்டை இப்பையினால் புடைத்துத் தோன்றும். ஒரு முறைக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிரிகள் இளஞ்சிவப்பான கூழாக அதில் வந்து சேருகின்றன.

கூடு வைக்கும் இடங்களைப் பற்றிய பழைய வருணனைகளுள் குறிப்பிடத்தக்கது, ஹாம்பர்க் நகரத்துக் கப்பல் வைத்தியர் பிரிடெரிக் மார்ட்டென்ஸ் 1671-இல் ஸ்வால்பார்டைச் சேர்ந்த ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் கடலுக்குச் சென்று மீண்டு, 1675-இல் வெளியிட்ட பிரயாண நூல். திமிங்கல வேட்டையாளர் அறிந்திருந்த இச்சிறு பறவையை அவர் அந்நூலில் விவரித்திருக்கிறார். 1895-96 குளிர்காலத்தைப் பிரான்ஸ் ஜோசப் லாந்தில் கல்லாலும் வால்ரஸ் தோலாலும் அமைத்த குடிலுக்குள் கழித்த துருவப் பிரயாணிகளான நான்சென், யோஹான்சென் ஆகிய இருவருக்கும், நீண்ட இருளுக்குப் பின் வசந்தம் நெருங்குவதை முதலில் அறிவித்தவை இப்பறவைகளே. மலைச்சரிவுகளில் உறைபனியால் பிளந்து உருண்ட கற்கள் குவிந்திருக்கும் இடங்களே இவற்றின் வாசஸ்தலம். பனி உருகிக் கற்களின் இடுக்குகள் திறக்கும் வரை அவை சரிவுக்கு மேலே பெருங்கூட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பறந்து, சிரிப்பொலியை ஒத்த நடுங்கும் குரலில் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். பின்னர்க் கல்லிடுக்கில் புகுந்து, சிறு கற்களைப் பரப்பிய தரையில், நீலம் கலந்த வெண்ணிறமுள்ள முட்டை ஒன்றே ஒன்றை இடும்.

ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை என்னும் இவ்விஷயம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. பெற்றோர் இருவரும் மாறி மாறி ஏறத்தாழ 29 நாட்கள் அடைகாக்கின்றனர். பொரிந்தபோது 20 கிராம் அளவேயுள்ள குஞ்சு, மூன்று வாரத்துக்குள் 120 கிராமுக்கு மேல் எடை ஏறி, நான்காம் வாரத்தில் கூட்டை நீங்கிக் கடலுக்குப் பறக்கிறது. இந்த வேகமான வளர்ச்சிக்கு இரு பெற்றோரின் உழைப்பும் வேண்டும். ஸ்பிட்ஸ்பெர்கனின் தென்பகுதியிலுள்ள ஹார்ன்சுண்ட் ஃபியோர்டில், 1957-இல் நிறுவப்பட்ட போலந்து நாட்டு ஆராய்ச்சி நிலையத்தை ஆதாரமாகக் கொண்டு, லெக் ஸ்டெம்ப்னியெவிச்சும் அவருக்குப் பின் வந்தவர்களும் பல தசாப்தங்களாக இப்பறவைகளை அவதானித்து வருகின்றனர். அவர்கள் பொறுமையின் பயனாகவே இவற்றின் குடும்ப வாழ்க்கையை நாம் இன்று அறிகிறோம். குஞ்சுக்காக ஓரிரு மணி நேரத்துக் குறும்பயணங்கள் பலவற்றை மேற்கொள்ளும் பறவை, இடையிடையே பத்து மணி நேரத்துக்கு மேலும் நீளும் நெடும்பயணம் ஒன்றைச் செய்து, தன் உடலின் தேவையைத் தூரத்துச் செழிப்பான நீரில் தீர்த்துக்கொள்கிறது. கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் நெடும்பயணம் போய்விட்டால் குஞ்சு பட்டினி கிடக்கும். ஆதலால் ஒருவர் தூரம் போகையில் மற்றவர் அருகிலேயே இரைதேடும் ஓர் ஒழுங்கு இவற்றினிடையே காணப்படுகிறது. குஞ்சு கூட்டை விடும் தறுவாயில் தாய் முதலில் விலகிச் செல்ல, கடைசி நாட்களில் ஊட்டுவதும், குஞ்சோடு கடலுக்குச் செல்வதும் தந்தையின் கடமையாகின்றன. தந்தையே இறுதிவரை நிற்கும் இம்முறை பறவையுலகில் சாமானியமானதன்று.

பகைவர்களுள் கிளாக்கஸ் கடற்காகமும் துருவ நரியும் முக்கியமானவை. அக்கடற்காகம் சிறு ஆக்கை முழுதாகவே விழுங்கவல்லது. இதற்கு மாற்றாகப் பறவைகள் அறிந்த உபாயம், எதையும் கூட்டமாகவே செய்தல்: ஆபத்து தோன்றினால் ஆயிரக்கணக்கில் ஒருமிக்க எழும்புவதும், குஞ்சுகள் யாவும் சில நாட்களுக்குள் ஒருசேரக் கூட்டைவிட்டுப் புறப்படுவதும் பகைவனைத் திணறச் செய்கின்றன. ஆகவே இப்பறவைக்குத் திரளே ஒரு கவசம். திரள் குறைந்தால் கவசமும் மெலியும்.

இலையுதிர் காலத்தில் இவை பறக்கும் இறகுகளை ஒருசேர உதிர்த்துவிட்டுச் சில வாரங்கள் பறக்கமாட்டாமல் கிரீன்லாந்துக் கடலில் மிதக்கின்றன. பின்னர்த் தெற்கே இறங்குகின்றன. காலில் கட்டிய ஓரிரு கிராம் எடையுள்ள, ஒளியின் அளவைப் பதிவு செய்யும் கருவிகளின் உதவியால், ஜெரோம் ஃபோர்ட், டேவிட் கிரெமியே முதலிய பிரெஞ்சு விஞ்ஞானிகள், கிரீன்லாந்தின் பறவைகள் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பாலுள்ள கடலில் பெருந்தொகையாகக் குளிர்காலம் கழிப்பதைக் கண்டறிந்தனர். அதே கடல் கப்பற்போக்குவரத்தும் எண்ணெய்க் கிணறுகளும் மிகுந்தது. நீரின்மேல் படரும் எண்ணெயில் ஒரு சிறு பகுதி தூவியில் ஒட்டினாலும் குளிர் உள்ளே புகுந்து உயிர் போய்விடும். கடும்புயல் தொடர்ந்து வீசும் சில ஆண்டுகளில், இரைதேட முடியாமல் மெலிந்த பறவைகள் நிலத்துக்குள் தள்ளப்படுவதும் உண்டு. 1932-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அமெரிக்காவின் கிழக்குக் கரை நெடுகிலும் அவை விழுந்தன. நியூயார்க் நகரத்து வீதிகளும் அதற்கு விலக்கல்ல.

மனிதரோடு இப்பறவைக்குள்ள சம்பந்தத்தில் இழிந்ததும் உண்டு, உயர்ந்ததும் உண்டு. உயர்ந்ததைச் சொல்லவேண்டுமானால், வடமேற்குக் கிரீன்லாந்தின் இனூயிட் மக்களையே சொல்லவேண்டும். கானாக், சியோராபலுக் முதலிய ஊர்களைச் சுற்றியுள்ள சரிவுகளில், நீண்ட கழியின் நுனியில் கட்டிய வலையைக் கையில் ஏந்திக் கல்மறைவில் அமர்ந்து, தாழப் பறந்துவரும் பறவைகளை வீசிப் பிடிப்பது அவர்களது வழக்கம். பிடித்தவற்றை முழுமையாகவே, கொழுப்பு நீக்காத சீல் தோலுக்குள் நூற்றுக்கணக்கில் நிறைத்து, காற்றை வெளியேற்றித் தைத்து, கற்குவியலின்கீழ் பல மாதம் புளிக்கவைத்து, இருண்ட குளிர்காலத்தில் விருந்துகளுக்கு எடுத்து உண்பர். கிவியாக் என்பது அவ்வுணவு. இறகோடு கூடிய தோல்களைத் தைத்து உள்ளாடையாகவும் அணிந்தனர். வேட்டை கடினமாகும் காலங்களில் பெரிய மிருகம் கிடைக்காதவனுக்கும், கிழவருக்கும் சிறுவருக்கும், கைக்கெட்டும் உணவாக இது இருந்தது என்பதை எண்ணினால், அப்பெருங்குளிரில் மனிதர் குடியிருக்க முடிந்ததில் இப்பறவைக்கு ஒரு பங்கு உண்டு என்றே கூறலாம்.

அவ்வூர்களுக்கு எதிரே, கிரீன்லாந்துக்கும் கனடாவின் எல்ஸ்மியர் தீவுக்கும் நடுவே, இனூயிட் மக்கள் பிகியலசோர்சுவாக் என்றழைக்கும் விஸ்தாரமான நீர்ப்பரப்பு ஒன்று கடுங்குளிர் காலத்திலும் முழுதும் உறையாமல் இருக்கிறது. வடக்கேயுள்ள குறுகிய நீரிணையில் பனிக்கட்டிகள் ஒன்றோடொன்று முட்டி ஒரு பாலமாக இறுகி, மேலும் பனி மிதந்து வராமல் தடுப்பதாலும், தெற்கே உண்டாகும் புதுப்பனியைக் காற்று அடித்துச் செல்வதாலும் இப்பரப்பு திறந்து நிற்கிறது. அதனால் ஒளி முன்கூட்டியே நீரில் பாய்கிறது, பாசி முந்துகிறது, கலானஸ் பெருகுகிறது, அதை நம்பி மூன்று கோடி ஜோடிகள் வந்து கூடுகின்றன. அவை கடலிலிருந்து கொணர்ந்து எச்சமாக இடும் உரத்தினால், வெறும் கல்லாக இருக்கவேண்டிய சரிவுகள் பாசியும் புல்லும் மண்டிப் பச்சையாகின்றன. அப்புல்லை வாத்தினங்களும் முயல்களும் கஸ்தூரி எருதுகளும் மேய்கின்றன. அங்குள்ள ஏரிகளின் அடிவண்டலைத் துளையிட்டு எடுத்து ஆராய்ந்தவர்கள், பறவைகளின் எச்சம் அதில் சேரத் தொடங்கியது ஏறத்தாழ 4,400 ஆண்டுகளுக்கு முன்பு என்று கண்டிருக்கின்றனர். மனிதர் முதன்முதலில் அப்பிரதேசத்தில் குடியேறியதும் அக்காலத்தை ஒட்டியே என்பது தற்செயலானதென்று என்னால் நம்ப முடியவில்லை.

இனி எதிர்காலத்தைப் பற்றிய விவாதத்துக்கு வருவோம். வடதுருவப் பிரதேசம் உலகின் சராசரியைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமடைந்து வருகிறது என்று 2022-இல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. அட்லாண்டிக்கின் வெப்பநீர் ஸ்பிட்ஸ்பெர்கனின் மேற்குக் கரையோரமாக வடக்கே ஏறும்போது, அதனோடு சிறிய கலானஸும் ஏறுகிறது. குளிர்நீர் பாயும் ஹார்ன்சுண்டில் வாழும் பறவைகளோடு, வெப்பநீரின் ஆதிக்கத்துக்குட்பட்ட மாக்டலேன ஃபியோர்டின் பறவைகளை ஒப்பிட்டவர்கள், பின்னவை நல்ல இரை தேடி நெடுநேரம் பயணம் செய்கின்றன என்று கண்டனர். அதே கரையிலுள்ள காங்ஸ் ஃபியோர்டிலும் சிறு ஆக்குகள் வாழ்கின்றன. 2008-இல் இந்தியா ஹிமாத்ரி என்னும் ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தது அதன் கரையில்தான். 2014-இல் அந்த ஃபியோர்டின் ஆழத்தில் நீரின் வெப்பத்தையும் உப்பையும் ஆண்டு முழுவதும் அளக்கும் கருவித் தொகுதி இறக்கப்பட்டபோது, அதை உருவாக்கியவர்களுள் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தினரும் இருந்தனர். சிறு ஆக்கின் கதியை நிர்ணயிக்கும் வெப்பநீரின் வரவை அளப்பதில் நம்மவர் கையும் சேர்ந்திருப்பது மனநிறைவு தருகிறது.

இவ்விஷயத்தில் விஞ்ஞானிகளுக்குள்ளே நம்பிக்கை கொண்டவர்களும் உளர். கிரெமியேயும் அவருடைய சகாக்களும் 2013-இல் பிரான்ஸ் ஜோசப் லாந்துக்குச் சென்றபோது, இருபதாண்டுகளுக்கு முன் கடலை மூடியிருந்த கோடைப்பனி பெரும்பாலும் மறைந்துவிட்டிருந்தது. பனிவிளிம்பில் இரைதேடி வந்த பறவைகளோ பட்டினி கிடக்கவில்லை. கரையோரப் பனியாறுகளிலிருந்து உருகி வழியும் நன்னீர் கடல்நீரோடு கலக்குமிடத்தில், உப்பு திடீரெனக் குறைவதால் மிதவை உயிரிகள் மயங்கித் திரளுகின்றன. அத்திரளை அவை கண்டுபிடித்துக்கொண்டன. குஞ்சுகள் முன்போலவே வளர்ந்தன; பெற்றோரின் எடைதான் சற்றுக் குறைந்திருந்தது. இப்பறவையின் சாதுரியத்துக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. ஆயினும் அச்சாதுரியத்தின் விலையைத் தாங்குவது பெற்றோரின் உடல் என்பதையும், உருகித் தீரும் பனியாற்றை நம்பிய ஏற்பாடு அப்பனியாறு உள்ளவரையே நீடிக்கும் என்பதையும் நோக்கும்போது, நம்பிக்கைவாதிகளின் முடிபை முழுதும் ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

எல்லையோரங்களில் நேர்ந்ததும் கவனத்துக்குரியது. ஐஸ்லாந்தின் வடக்கே துருவவட்டத்தின்மேல் கிடக்கும் கிரிம்சே தீவில் இப்பறவையின் தென்கோடிக் கூட்டம் ஒன்று இருந்தது. இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள் அது அற்றுப்போயிற்று. மேலும், கற்களுக்கடியில் மறைந்து கூடு வைக்கும் ஓர் இனத்தைத் தலையெண்ணிக் கணக்கிடுதல் இயலாது. கோடி என்று நாம் கூறுவதெல்லாம் சிறு பகுதிகளை எண்ணிப் பெருக்கிய அனுமானமே. அத்தகைய அனுமானத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் அதை உணர்வதற்குள் பல ஆண்டுகள் கழிந்துவிடும். ஆண்டுக்கு ஒரு முட்டை இடும் இனம் இழந்ததை விரைவில் ஈடுசெய்யவும் மாட்டாது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் சிறு ஆக் இன்று குறைந்த கவலைக்குரிய இனமாகவே வைக்கப்பட்டிருக்கிறது. இன்றைய தொகையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் அத்தீர்ப்பு தவறன்று. ஆனால் அதன் ஆகாரத்தின் நிலையை அளவுகோலாகக் கொண்டால், அது அவ்வளவு நிம்மதியான இடமன்று என்பதே என் முடிபு.

பிகியலசோர்சுவாக்கைக் காத்துநிற்கும் பனிப்பாலம் 2007-ஆம் ஆண்டில் உருவாகவேயில்லை. அதற்குப் பின்னும் சில ஆண்டுகளில் அது உருவாகத் தவறியோ, நிலையாமல் முன்கூட்டியே உடைந்தோ போயிருக்கிறது. வெப்பத்தைத் தணிப்பது உலகம் முழுவதும் சேர்ந்து செய்யவேண்டிய காரியம். அது கைகூடும்வரை, அந்நீர்ப்பரப்பில் எண்ணெய்க் கப்பல்களும் கட்டுப்பாடற்ற போக்குவரத்தும் புதிய அபாயங்களைச் சேர்க்காமல் தடுப்பது மட்டும் சம்பந்தப்பட்ட அரசாங்கங்களின் கையில் இருக்கிறது. இனூயிட் மக்களின் சபை நியமித்த குழு 2017-ஆம் ஆண்டில், அப்பரப்பை அம்மக்களே நிர்வகிக்கும் பாதுகாக்கப்பட்ட பிரதேசமாக அறிவிக்கவேண்டுமென்று பரிந்துரை செய்தது. கனடாவும் டென்மார்க்கும் கிரீன்லாந்தும் அப்பரிந்துரையை மேலும் தாமதமின்றிச் சட்டமாக்கி நிறைவேற்ற வேண்டும்.